முதல் வெளிநாட்டுப் பயணம், நல்ல ஓட்டல்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசையில் ஒன்பது வருடம் நின்றவன் நான். சனிக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் "சீ வியூ என்று போட்டிருந்ததே, கடல் எங்கே?" என்று கேட்பார்கள். பால்கனியின் இடது ஓரத்துக்கு அவர்களை அழைத்துப்போய், கழுத்தை நீட்டிப் பார்க்கச் சொல்வதும் என் வேலையாக இருந்தது. இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களும், மஞ்சக்குப்பத்தில் என் மனைவி வீட்டு உறவினர்களும் வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன்பு ஒரு நடை வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

இது யாருக்கு என்றால், முதல் முறை வெளிநாடு போகிறவர்களுக்கு. ஒரு வாரம், ஒரு நகரம், ஒரு கடற்கரை, ஓட்டல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளம் என்று முடிவு செய்தவர்களுக்கு.

நம் ஊரிலேயே கடல் இருக்கிறது. கடற்கரைக்காக வெளிநாடு போக வேண்டுமா?

என் மாமனார் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. பீச் ரோட்டில் இருப்பது பாறை கொட்டிய கரை. காற்று வாங்கலாம், சுண்டல் தின்னலாம், இறங்கிக் குளிக்க முடியாது. கடலூர் சில்வர் பீச்சில் மணல் இருக்கிறது, அலை சும்மா விடாது. முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதே காலடி மண்ணை இழுத்துக்கொண்டு போகும். நமக்குக் கடல் என்றால் பார்க்கிற பொருள், மீன் வருகிற இடம். குளம்போல் படுத்திருக்கும் கடலில் ஒரு மணி நேரம் மிதப்பது வேறு அனுபவம். அதில் ஆசை இருந்தால் போங்கள். வீட்டில் யாரும் தண்ணீரில் இறங்கப் போவதில்லை என்றால், கடற்கரையை விட்டுவிட்டு ஏழு நாளும் நகரத்திலேயே இருக்கலாம். பணமும் மிச்சம்.

எந்த நகரம், எந்தக் கடற்கரை?

முதல் பயணத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மாறாமல் ஒரே விமானத்தில் போய்ச் சேரும் நகரமாக இருக்க வேண்டும். நாம் ஏற்கெனவே ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துதான் மீனம்பாக்கம் போகிறோம். கடலூர்க்காரர்களுக்கு அதற்கு மேலும் ஒரு மணி நேரம். கடலூரிலிருந்து திருச்சியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்க்கு அங்கிருந்தும் விமானம் உண்டு. விமான நிலையத்தில் கூட்டமும் குறைவு.

கோலாலம்பூருடன் லங்காவி, பாங்காக்குடன் புக்கெட் அல்லது கிராபி என்ற இரண்டும் பழகிய பாதைகள். இரண்டிலும் நகரத்திலிருந்து கடற்கரை ஊருக்கு உள்நாட்டு விமானத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஒரு எச்சரிக்கை: பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முயாங் என்று இரண்டு விமான நிலையங்கள். சென்னையிலிருந்து ஒன்றில் இறங்கி, அன்றைக்கே மற்றொன்றிலிருந்து புக்கெட் டிக்கெட் போட்டுவிட்டுத் தவித்தவர்கள் எனக்குத் தெரியும்.

சிங்கப்பூர் போகிறவர்கள் கடற்கரைக்கு செந்தோசாவில் தங்கலாம், அல்லது தானா மேரா முனையத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம் போய் இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் தங்கலாம். செந்தோசா மணல் கொட்டி உருவாக்கிய கரை. எதிரே சரக்குக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். குழந்தைகளுக்கு அதுவே வேடிக்கை. கடலுக்காகவே போகிறவருக்கு ஏமாற்றம். பிந்தான் உண்மையான கடற்கரை. ஆனால் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். சிங்கப்பூர் விசா பல முறை நுழைய அனுமதிப்பதா என்று பார்த்த பிறகே ஓட்டலுக்குப் பணம் கட்டுங்கள். இந்தோனேசியாவில் இறங்கும்போது அங்கே தனி விசா, தனிக் கட்டணம்.

கொழும்பும் பெந்தோட்டையும் சேர்ந்த பயணத்தை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை, "சிலோன்தானே" என்கிறார்கள். ஒன்றேகால் மணி நேர விமானம், நேர வித்தியாசம் இல்லை, தமிழ் பேசிச் சமாளிக்கலாம். கொழும்பிலிருந்து தெற்கே சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டரில் பெந்தோட்டை. வயதான பெற்றோரை அழைத்துப்போவதாக இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இரண்டாவதாகச் சொல்வது மலேசியாவின் பினாங்கு. அங்குள்ள ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் சேர்ந்து 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய நகரம். பழைய காலனி வீடுகள், சீனக் கோயில், மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியா, இடியாப்பம் எல்லாம் நடக்கிற தூரத்தில். அரை மணி நேரக் கார் பயணத்தில் பத்து ஃபெரிங்கி கடற்கரை. நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே விமானமே வேண்டாம். கடல் நீலமாக இருக்காது, அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

மாலத்தீவு?

அங்கே நகரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, இது வேறு வகைப் பயணம். போவதென்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொலைவில் இருக்கும் தீவு ஓட்டலுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும், அது பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் தலைநகர் மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்கல். கடல் விமானக் கட்டணம் பெரும்பாலும் அறை வாடகையில் சேராது, தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும்.

இருக்கிற பணத்தை இரண்டு ஓட்டல்களுக்கும் எப்படிப் பிரிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நகரத்தில் காசு கொடுத்து நீங்கள் வாங்குவது இடம். கடற்கரையில் காசு கொடுத்து வாங்குவது ஓட்டல். சிங்கப்பூரில் காலை எட்டு மணிக்கு வெளியே போனால் இரவு பத்துக்குத்தான் திரும்புவீர்கள். அறையில் விழித்திருக்கும் நேரம் ஒரு மணியோ இரண்டோ. அங்கே பளிங்குக் குளியல் தொட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் சுத்தமான நான்கு நட்சத்திர ஓட்டல் போதும். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரங்கள் நிற்கும் கே.எல்.சி.சி. பக்கம். பாங்காக்கில் வான்ரயில் நிலையத்தை ஒட்டிய ஏதாவது ஒன்று. அந்த ஊர்ப் போக்குவரத்து நெரிசலில் டாக்ஸியை நம்பி ஒதுக்குப்புறத்தில் அறை எடுத்தால் பாதி விடுமுறை சாலையிலேயே கழியும்.

கடற்கரையில் கதை தலைகீழ். அங்கே பகல் முழுவதும் ஓட்டல் வளாகத்துக்குள்தான் இருப்பீர்கள். அந்த நீச்சல் குளம், அந்த மணல், அந்தச் சாப்பாடு, அந்த மரநிழல்தான் உங்கள் விடுமுறை. ஓட்டல் சரியில்லை என்றால் தப்பித்துப்போக வேறு இடம் கிடையாது. ஆடம்பரப் பணத்தை அங்கே போடுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்கு, மூன்றில் இரண்டு பங்கு கடற்கரைக்கு என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலோர் நேர்மாறாகச் செய்கிறார்கள். கூரை நீச்சல் குளப் படத்தைப் பார்த்து நகர ஓட்டலில் கொட்டிவிட்டு, கடற்கரையில் மிச்சத்துக்கு ஏற்ற அறையை எடுக்கிறார்கள்.

அந்தக் கூரைக் குளத்துக்காகவே சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் ஓட்டல் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அது ஐம்பத்தேழாவது தளத்தில் இருக்கிறது, தங்குபவர்களுக்கு மட்டுமே திறப்பார்கள். ஒரே ஒரு இரவு எடுங்கள். முதல் நாள் மத்தியானமும் மறுநாள் காலையும் குளத்தில் கிடக்கலாம், பிறகு வேறு ஓட்டலுக்கு மாறலாம். மூன்று இரவு தேவையில்லை.

முதலில் நகரமா, கடலா?

நகரம் முதலில். சுற்றி அலைந்து கால் வலித்த பிறகு கடற்கரை. ஆனால் தீவிலிருந்து வரும் உள்நாட்டு விமானமும் சென்னை விமானமும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், ஒரே நாளில் இரண்டையும் வைக்காதீர்கள். முதலாவது தாமதமானால் இரண்டாவதைத் தவறவிட்ட நஷ்டம் உங்களுடையது. கடைசி இரவை நகர விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாதாரண அறையில் கழிக்கலாம்.

ஐந்து நட்சத்திரம் என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

இல்லை. நட்சத்திரம் தர உலகம் முழுமைக்கும் பொதுவான அமைப்பு எதுவும் கிடையாது. சில நாடுகளில் அரசு தருகிறது, பதிவுத் தளங்கள் தாங்களாகவே போட்டுக்கொள்வதும் உண்டு. பிரான்சில் ஐந்துக்கும் மேலே "பாலஸ்" என்று ஓர் அரசுத் தகுதி இருக்கிறது. பாரிசில் சொந்தக்காரர்கள் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் இதைக் கேள்விப்பட்டிருக்கும். துபாயின் புர்ஜ் அல் அராப்பை "ஏழு நட்சத்திரம்" என்கிறார்களே, அது பேச்சுவழக்கு மட்டும்தான், அப்படி ஒரு தரம் இல்லை.

நட்சத்திரத்தை விட்டுவிட்டு மூன்று விஷயம் பாருங்கள். அறை எத்தனை சதுர மீட்டர்? முப்பது என்றால் நம் கணக்கில் சுமார் 320 சதுர அடி, இரண்டு பேருக்குச் சரி. கடைசியாக எந்த ஆண்டு புதுப்பித்தார்கள்? கடல் உப்புக்காற்று பத்து வருடத்தில் கதவு, குழாய், ஏசி எல்லாவற்றையும் தின்றுவிடும், இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மொத்தம் எத்தனை அறைகள்? ஐந்நூறு அறை ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும்.

விருந்தினர் கருத்துகளில் ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியையும் ஒரு நட்சத்திர வசவையும் தள்ளிவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். கோபமும் இல்லாமல் மயக்கமும் இல்லாமல் எழுதியிருப்பார்கள். "பக்கத்தில் கட்டட வேலை" என்று கடந்த மூன்று மாதத்தில் யாராவது எழுதியிருந்தால், அந்த ஓட்டலை விட்டுவிடுங்கள்.

சீ வியூ, பீச் ஃபிரன்ட், பீச் அக்சஸ் எல்லாம் வேறு வேறா?

வேறு வேறுதான். என் பழைய பிழைப்பே இந்தச் சொற்களில்தான் ஓடியது.

பீச் ஃபிரன்ட் என்றால் ஓட்டல் கடற்கரையில் நிற்கிறது என்று பொருள், உங்கள் அறை கடலைப் பார்க்கிறது என்று அல்ல. கடற்கரை ஓட்டலில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறையும் இருக்கும். பார்ஷியல் சீ வியூ என்றால் கழுத்து வலி. பீச் அக்சஸ் என்றால் கரைக்குப் போக வழி இருக்கிறது, நடுவே நான்கு வழிச் சாலையும் இருக்கலாம். தனிக் கடற்கரை என்பதும் பல நாடுகளில் விளம்பரச் சொல்தான். தாய்லாந்தில் கடற்கரை பொதுச் சொத்து, ஓட்டலுக்கு உரியது அதன் நாற்காலிகள் மட்டுமே.

இதற்கு மருந்து, கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஓட்டல் கட்டடத்திலிருந்து மணல் வரை தூரத்தை அளப்பது. நடுவில் சாலை ஓடுகிறதா, கழிமுகம் வருகிறதா, மணல் உண்மையில் இருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். ஓட்டல் போடும் படத்தில் எங்கள் பீச் ரோடு பாறைகூட அழகாகத்தான் இருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் நானே ஒரு முறை ஏமாந்தேன். தாய்லாந்தில் ஓர் ஓட்டலில் "சீ வியூ சூட்" எடுத்தேன். கடல் தெரிந்தது, பொய் சொல்லவில்லை. அறைக்கும் கடலுக்கும் நடுவில் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி இயந்திரங்கள் பதினாறு, மொட்டைமாடியில் வரிசையாக. நான்கு நாளும் அந்த இரைச்சல்தான் அலையோசை. எந்தத் தளம் என்று முன்கூட்டியே கேட்காதது என் தப்பு.

பள்ளி விடுமுறை எப்போதோ அப்போதுதான் போக முடியும். எந்த மாதம் எங்கே?

மே மாத விடுமுறை என்றால் பாலி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே மழை குறைவு. அதே மே மாதத்தில் புக்கெட்டின் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். அக்டோபர் வரை விலை பாதியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து போனால், கரையில் சிவப்புக் கொடி நட்டுக் கடலில் இறங்க விடமாட்டார்கள். இறங்கவும் கூடாது, அந்த இழுப்பு நீரோட்டம் ஆளைக் கொண்டுபோகும்.

டிசம்பர் அரையாண்டு விடுமுறை என்றால் புக்கெட், கிராபி, லங்காவி, பெந்தோட்டை எல்லாமே நல்ல பருவம். விலையும் உச்சம். பெரிய ஓட்டல்கள் பலவற்றில் டிசம்பர் 24, 31 இரவுகளில் கட்டாய விருந்து என்று ஒன்று உண்டு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தலைக்குப் பெரிய தொகை. முன்பதிவு விதிகளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். கோ சாமுய் தீவு மட்டும் வேறு பக்கம் பார்த்திருப்பதால் அங்கே நம்மைப் போலவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அதுவும் தாய்லாந்துதானே என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இலங்கையிலும் இப்படித்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை பெந்தோட்டை பக்கம், மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா பக்கம்.

தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையில் பாங்காக் போனால் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லார் மேலும் தண்ணீர். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பட்டுப் புடவைக்குத் திண்டாட்டம். பாலியில் மார்ச் வாக்கில் வரும் நியேபி என்ற மௌன நாளன்று விமான நிலையம்கூட மூடியிருக்கும், ஓட்டலை விட்டு வெளியே வர முடியாது.

நம் பக்கத்துப் பருவத்தையும் மறக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூரை அடித்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த அன்று சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். நவம்பர், டிசம்பரில் கிளம்புவதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலானாலும் ரத்து செய்யக்கூடிய வாடகையில்தான் பதிவு செய்ய வேண்டும். பயணக் காப்பீடும் எடுங்கள்.

இணையத்தில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. ஏன்?

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். சிங்கப்பூரில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 2024 முதல் ஒன்பது சதவீத வரி. 300 டாலர் அறை 359.70 டாலர் ஆகிவிடும். தாய்லாந்தில் பத்தும் ஏழும், 8,000 பாட் அறை 9,416 பாட். ஓட்டல் உணவகத்தில் காப்பி குடித்தாலும் இதே கணக்கு.

இது போக மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி, பெரும்பாலும் நேரில் கட்ட வேண்டும். துபாய் ஐந்து நட்சத்திரத்தில் அறைக்கு ஓர் இரவுக்கு இருபது திர்ஹாம். பாலிக்குள் நுழைய 2024 பிப்ரவரி முதல் தலைக்கு 1,50,000 ரூபியா. நம் ரூபாய் அல்ல, பயப்பட வேண்டாம். ஆயிரத்துக்குள்தான்.

அப்புறம் கார்டு இயந்திரம் "இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் நாலைந்து சதவீதம் போய்விடும்.

செக்-இன் செய்யும்போது கார்டில் பணம் பிடிப்பார்களாமே?

எடுக்க மாட்டார்கள், பிடித்து வைப்பார்கள். நீங்கள் மினி பாரில் எதையாவது எடுத்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். கிரெடிட் கார்டாக இருந்தால் உங்கள் வரம்பில் அந்தத் தொகை முடங்கும், கிளம்பிய பிறகு விடுபடும். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் கணக்கில் இருக்கும் பணமே முடங்கும், திரும்பி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். பயணத்தின் நடுவில் அது சங்கடம். இரண்டு ஓட்டல்களிலும் பிடித்தால் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, வரம்பு போதுமா என்று கிளம்பும் முன்பே சரிபாருங்கள். கார்டில் இருக்கும் பெயரும் பதிவு செய்தவர் பெயரும் ஒன்றாக இருந்தால் பேச்சு குறையும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கிறது. ஓட்டல் பதிவில் என்ன போடுவது?

தமிழர்களின் தனிப் பிரச்சினை. நமக்கு இருப்பது இனிஷியல், அவர்களுடைய படிவத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். ஓட்டலைப் பொறுத்தவரை பெரிய சிக்கல் இல்லை, பெயரையே இரண்டு இடத்திலும் போட்டாலும் வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். விமான டிக்கெட்டில் மட்டும் அந்த நிறுவனம் சொல்லும் முறைப்படி போடுங்கள். துபாய் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி கொண்டுவந்தது. ஓட்டலுக்குப் பணம் கட்டும் முன் விசா விஷயத்தை முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடி ஆக வேண்டும் என்பதும் தெரிந்ததுதான்.

சென்னையிலிருந்து இரவு விமானம், காலை ஆறு மணிக்கு இறங்குகிறோம். அறை எப்போது கிடைக்கும்?

மூன்று மணிக்கு. சில இடங்களில் இரண்டு. எவ்வளவு பெரிய ஓட்டலாக இருந்தாலும் முந்தைய விருந்தினர் காலி செய்து, துப்புரவு முடிந்த பிறகுதான் சாவி.

என் அம்மாவை முதல் முறை அழைத்துப்போனபோது இதை யோசிக்காமல் விட்டேன். முந்தின நாள் மாலை வீட்டில் கிளம்பி, ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலை ஏழு மணிக்கு ஓட்டல் லாபி சோபாவில் அவர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். வாழ்க்கையில் பத்தாயிரம் பேருக்கு "அறை தயாராகவில்லை சார்" என்று சொன்னவனுக்கு அதை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்தே அறை எடுங்கள், "காலை ஏழு மணிக்கு வருவோம்" என்று மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் வரவில்லை என்று கணக்கெழுதி முழுப் பதிவையும் ரத்து செய்துவிடும் வாய்ப்பு உண்டு. அது முடியாவிட்டால் பகல் விமானம் பாருங்கள். இளவட்டங்கள் என்றால் பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு, அங்கேயே நீச்சல் குளக் குளியலறையில் குளித்து உடை மாற்றி ஊர் சுற்றப் போகலாம். கேட்டால் விடுவார்கள்.

நாங்கள் நான்கு பேர், இரண்டு பிள்ளைகள். ஒரே அறையில் விடுவார்களா?

சொகுசு ஓட்டல்களில் சாதாரண அறைக்கு இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்பதே பொதுவான கணக்கு. நம் ஊர் லாட்ஜ் போல "ஒரு பாய் போடுங்க தம்பி" என்பது நடக்காது. பிள்ளைகளின் வயதை மறைத்துப் பதிவு செய்யவும் வேண்டாம், பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறது. உள்ளேயே கதவு வைத்து இணைந்த இரண்டு அறைகள் கேளுங்கள். "பக்கத்துப் பக்கத்து அறை" என்று கேட்டால் நடைபாதை வழியாகத்தான் போய்வர வேண்டும், அது வேறு. இணைந்த அறை "உறுதி" என்று எழுத்தில் வர வேண்டும். "வேண்டுகோளைக் குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தால் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானே அப்படி நிறையப் பதில் அனுப்பியிருக்கிறேன்.

பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால், மலைச்சரிவில் கட்டிய வில்லாக்கள் வேண்டாம். புக்கெட்டிலும் லங்காவியிலும் அவை படத்தில் கொள்ளை அழகு, கடலுக்கு இறங்க நூறு படிகூட இருக்கும். பேட்டரி வண்டி கூப்பிட்டால் வரும், ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும்.

சைவச் சாப்பாடு?

நகரத்தில் கவலையே வேண்டாம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், பாங்காக் சீலோமில் மாரியம்மன் கோயில் பக்கம் என்று நம் சாப்பாடு கிடைக்கும். தீவு ஓட்டலில்தான் பிரச்சினை. வெளியே கடை இருக்காது. காலை உணவு சேர்ந்த வாடகையாக எடுங்கள், அங்கே பழம், ரொட்டி, முட்டை, பல இடங்களில் ஒரு இந்திய மூலையும் இருக்கும். மீன் சாஸ், இறால் விழுது சேர்க்காத சைவம் வேண்டும் என்று தாய்லாந்தில் குறிப்பாகச் சொல்ல வேண்டும். காய்கறி மட்டும் போட்டால் சைவம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இட்லிப் பொடி, ஊறுகாய் எடுத்துப்போவது உங்கள் விருப்பம். ஆனால் கசகசா மட்டும் பையில் இருக்கவே கூடாது. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்த பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா கலந்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்குமா?

எல்லாரும் வெட்கப்பட்டுக் கடைசியில் கேட்கும் கேள்வி. தாய்லாந்து, மலேசியா, இலங்கை, துபாயில் பெரும்பாலும் இருக்கும். சிங்கப்பூரில் உறுதியில்லை, சில பெரிய ஓட்டல்களில் காகிதம் மட்டுமே. மின்னஞ்சலில் கேளுங்கள், இதில் வெட்கம் எதற்கு.

ஏஜென்டா, பதிவுத் தளமா, நேராக ஓட்டலா?

மூன்றிலும் விலை பாருங்கள். ஒரே விலை என்றால் நேராக ஓட்டலில் பதிவு செய்யுங்கள். உள்ளிருந்து பார்த்தவன் சொல்கிறேன்: ஓட்டல் நிரம்பி வழியும் நாளில் நல்ல தளத்து அறை நேரடி விருந்தினருக்கும், லிஃப்டுக்குப் பக்கத்து அறை மலிவுத் தளத்தில் வந்தவருக்கும் போகும். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு வரியைப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு போடும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள். ஏஜென்ட் "ஃபைவ் ஸ்டார் அல்லது அதற்கு இணையான ஓட்டல்" என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். ஓட்டலின் பெயர், அறை வகை, ஓட்டலின் சொந்த உறுதி எண் மூன்றும் கையில் வந்த பிறகு மிச்சப் பணம். அந்த எண்ணை வைத்து ஓட்டலுக்கே ஒரு போன் போட்டுப் பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பழைய, பேர்பெற்ற ஓட்டலில் தங்க வேண்டும் என்று ஆசை. கட்டுபடி ஆகவில்லை.

தங்க வேண்டாம், டீ குடியுங்கள். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் 1887-இல் தொடங்கியது, பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டல் 1885-இல். இரண்டையும் தொடங்கியவர்கள் சார்கீஸ் என்ற அதே ஆர்மீனியச் சகோதரர்கள். கொழும்பின் கால்ஃபேஸ் ஓட்டல் 1864, பாங்காக் ஆற்றங்கரையின் ஓரியன்டல் 1876. ஒரு மாலை நேரம் நல்ல உடை உடுத்திப் போய் உட்கார்ந்து வரலாம். கால்ஃபேஸில் கடலைப் பார்த்த வராந்தாவில் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது, நம் கிழக்குக் கரைக்காரர்களுக்குக் கிடைக்காத காட்சி. நமக்குக் கடலில் சூரியன் உதிக்கத்தான் தெரியும்.

அறையில் இருக்கும் சோப்பு, ஷாம்பு, செருப்பெல்லாம் எடுத்து வரலாமா?

சின்ன பாட்டில் சோப்பு, ஷாம்பு, துணிச் செருப்பு, டீத்தூள் பொட்டலம் தாராளமாக. சுவரில் பொருத்திய பெரிய பாட்டில், துண்டு, குளியல் அங்கி கூடாது, கார்டில் பிடிப்பார்கள். எங்கள் ஓட்டலில் ஒருவர் தலையணையைப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டு போய், பில்லில் வந்ததும் "கழுத்து வலிக்கு இதுதான் சரியாக இருந்தது" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.